தண்ணீர் இருபதைத் தாண்டினால் தூண்டில் கிடையாது

ஏற்காட்டில், நீலகிரிக் குளிரில் வாழும் ட்ரவுட் மீனா என்று கேட்டுச் சிரிப்பவர்களுக்குப் பதில் சொல்வதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். சிரித்துவிட்டுப் போகட்டும். தலை கறுப்பாக இருந்த காலத்தில் தொடங்கி முழுக்க நரைக்கும் வரை இந்தச் சேர்வராயன் மலையில் ட்ரவுட் பிடிக்கக் கற்றுக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவள் நான். இல்லாத மீனுக்கு எந்த முதலாளியும் சம்பளம் கொடுக்க மாட்டார்.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நித்யா என்ற பெண். நான் வேலை பார்த்த எஸ்டேட் போன வருடம் கைமாறி ரிசார்ட் ஆகிவிட்டது. செம்மநத்தம் போகிற வழியில் புது போர்டு வைத்திருக்கிறார்கள். அங்கே மீன் குளத்துக்கு மேற்பார்வையாளராகச் சேர்ந்திருப்பவள் அவள். வெள்ளக்கடையில் என் வீட்டைத் தேடி ஸ்கூட்டியில் வந்தாள். நல்ல பெண். வந்ததும் காலைத் தொட்டுக் கும்பிடாமல் நேராக விஷயத்துக்கு வந்தது எனக்குப் பிடித்திருந்தது.

"அக்கா, ட்ரவுட் புடிக்கறது எப்படின்னு எழுதித் தாங்க. சாமான்ல இருந்து ஆரம்பிச்சு பெரிய பெரிய டெக்னிக் வரைக்கும். புதுசா சேர்ந்தவங்களுக்கு ட்ரெயினிங் குடுக்கோணும்."

சரி என்றேன். டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "இனிமே சீசன் கீசன் எல்லாம் இல்லீங்க. வருஷம் பூரா நடத்தப் போறோம். புடிச்சுட்டு போட்டோ எடுத்துட்டு திருப்பி உட்டுருவோம். மீனுக்கு ஒண்ணும் ஆகாதில்லீங்க."

ஒன்றும் ஆகாதாம். அவள் போன பிறகும் அந்த வார்த்தை காதுக்குள் குடைந்துகொண்டே இருந்தது. கேட்டதை எழுதித் தருகிறேன். கேட்காததையும் சேர்த்தே எழுதுவேன்.

நான் காப்பி பறித்தவள். என் அப்பாவின் அப்பா கீழே ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க ஏறி வந்தவர். தோட்டத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் பிறந்து, எட்டாவது வரை படித்து, கூடையைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினேன். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், எல்லாம் லைன் வீட்டிலேயே. அந்த நாளில் எங்கள் முதலாளி ஊட்டிப் பக்கம் போய்விட்டு வந்தவர், ட்ரவுட் பைத்தியம் பிடித்துத் திரும்பினார். எஸ்டேட்டின் மேல் மூலையில் ஒரு பள்ளம். மூன்று பக்கமும் சில்வர் ஓக் மரம், பகலிலும் வெயில் தரையில் விழாது. பாறை இடுக்கிலிருந்து ஊற்றுத் தண்ணீர் ஒரு சின்ன வாய்க்காலாக வருஷம் முழுவதும் வரும். அங்கே கரை கட்டிக் குளம் ஆக்கினார். குளிர் தொடங்கும் கார்த்திகையில் நீலகிரியிலிருந்து வேனில் மீன் வரும். பெரிய பெரிய பிளாஸ்டிக் பைகளில் தண்ணீரும் ஆக்சிஜனும் அடைத்து, சுற்றிலும் ஐஸ் போட்டு, கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிக் குலுங்கி மேலே ஏறி வரும். மாசியில் வெயில் ஏறும்போது சீசன் முடியும். மிச்சமிருக்கும் மீனைப் பிடித்து எஸ்டேட்டிலேயே சமைத்துவிடுவார்கள். வருகிற விருந்தாளிகள் தூண்டில் போட வேண்டும், அதற்கு ஆள் வேண்டும்.

முதலில் ஆண்களைத்தான் போட்டார்கள். அவர்கள் துணி துவைப்பதைப் போல ராடு என்கிற தூண்டில் கோலால் தண்ணீரை அடித்தார்கள். ராடு ரூமைக் கூட்டித் துடைக்க என்னை அனுப்பினார்கள். அங்கேதான் என் படிப்பு தொடங்கியது.

சாமானைப் பற்றிக் கேட்டாய் அல்லவா நித்யா, இதோ சொல்கிறேன். நமக்குப் பழக்கமான தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் முள்ளை இழுத்துக்கொண்டு போகும். ட்ரவுட் ராடில் குண்டு கிடையாது. முள்ளில் கட்டும் போலிப் பூச்சிக்குக் கனமே இல்லை, ஊதினால் பறக்கும். கனம் இருப்பது லைன் என்கிற தூண்டில் நூலில். சுண்டு விரல் நகத்தின் பாதிகூட இருக்காது, ஆனாலும் மற்ற நூலைவிடத் தடிமனாக, பிளாஸ்டிக் பூச்சு பூசியிருக்கும். அந்த லைனைத்தான் எறிகிறோம், பூச்சி அதன் பின்னால் போகிறது. இது புரியாதவன் எத்தனை விலையுள்ள ராடை வாங்கினாலும் வீண். லைனின் முனையில் கண்ணுக்குத் தெரியாத நைலான் கட்டுவோம், அதற்கு லீடர் என்று பெயர். தடிமனாகத் தொடங்கிப் போகப் போக மெலியும். முடிச்சை இறுக்கும்முன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும். காய்ந்த முடிச்சை இறுக்கினால் நைலான் சூடாகி உள்ளுக்குள் வெந்துபோகும், பெரிய மீன் வரும்போது சொல்லாமல் அறுந்துவிடும். மீன் வாயைக் கிழிக்காமல் கழன்றுவர, முள்ளின் கொக்கிப் பல்லைக் குறடால் நசுக்கிவிட வேண்டும். சாயங்காலம் லைனைத் துடைத்து நிழலில் காயப் போட வேண்டும். ராடின் துண்டுகளைக் கழற்றும்போது முறுக்கக் கூடாது, நேராக இழுக்க வேண்டும்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் தேவராஜ் சார். கரடியூர்க்காரர். நீலகிரியில் ட்ரவுட் குஞ்சு பொரிக்கும் பண்ணையில் வேலை பார்த்துவிட்டு எங்கள் குளத்துக்குப் பொறுப்பாக வந்தார். என்னைவிட வயதில் சின்னவர், மீசைகூட அப்போது சரியாக அடர்ந்திருக்கவில்லை. நான் சார் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். முதலாளியிலிருந்து குளத்தங்கரை நாய் வரை எல்லாருக்கும் அவரிடம் 'ங்க' உண்டு. திட்டும்போதும் அது குறையாது. "ஏனுங்க அக்கா, இத்தன அழகா மடத்தனம் பண்றதுக்கு எங்கீங்க கத்துக்கிட்டீங்க" என்று கேட்டவர் அவர். கற்றுக்கொடுக்கும்போது கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். யாருடைய ராடையும் வாங்கிச் செய்துகாட்ட மாட்டார். தப்பாக எறிந்தால் முகத்தைத் திருப்பி மலையைப் பார்ப்பார். சரியாக எறிந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆளிடம் நடந்துவிடுவார். பாராட்டு என்பது அவ்வளவுதான். அந்த முதுகைப் பார்ப்பதற்காக நான் ஒரு குளிர்காலம் முழுவதும் பாடுபட்டேன்.

நான் ராடைத் தொட்டது தெரிந்ததும் எஸ்டேட் ரைட்டர் வந்து நின்றார். கணக்கு எழுதுகிறவர், லைன் வீடுகளுக்கு அவர் வைத்ததுதான் சட்டம்.

"பொம்பளைக்கு எதுக்கு தூண்டில்? கூட்டறதுக்கு வந்தா கூட்டிட்டு போகோணும்."

தேவராஜ் சார் வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன்: "உங்க ஆளுக அடிச்ச அடியில மீனு பூரா பாறைக்கடியில போயிருச்சுங்க. நான் கூட்டித்தான் வெளிய கொண்டாரோணும்."

ரைட்டர் அதன் பிறகு என்னோடு நெடுநாள் பேசவில்லை. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

ட்ரவுட் புத்தகங்களில் முதல் பாடம், லைனைத் தலைக்கு மேலே பின்னால் வீசி, பிறகு முன்னால் எறிவது. எங்கள் குளத்தில் பின்னால் வீசினால் காப்பிச் செடி, அதற்கு மேல் சில்வர் ஓக், அதன் மேல் ஏறியிருக்கும் மிளகுக் கொடி. பூச்சி அங்கே போய் மாட்டினால் நாள் முழுவதும் ஏணி வைத்து எடுக்க வேண்டியதுதான். அதனால் நாங்கள் கடைசிப் பாடத்தை முதலில் படித்தோம். லைனைப் பின்னால் பறக்கவே விடாமல், தண்ணீர்மேல் கிடக்கும் லைனை மெல்லத் தோள்வரை இழுத்து, அது வில்லாக வளைந்து தொங்கும்வரை நிறுத்தி, பிறகு முன்னால் தள்ளுவது. தண்ணீர் லைனைப் பிடித்துக்கொள்ளும், அந்தப் பிடிதான் பலம். ரோல் என்று பெயர். முழங்கை விலாவை விட்டு விலகாமல் இருக்க தேவராஜ் சார் அக்குளில் ஒரு துண்டை வைக்கச் சொல்வார். "துண்டு உழுந்தா அன்னிக்கி மீனு இல்லீங்க." பிற்காலத்தில் நீலகிரியிலிருந்து வந்த ஒரு விருந்தாளி, நான் எறிவதைப் பார்த்து, தலைகீழாகக் கற்றிருக்கிறீர்களே என்றார். ஆமாம், இங்கே மலையும் மரமும் இப்படித்தான் இருக்கின்றன, அதற்கேற்றபடிதான் கற்றேன் என்றேன்.

மீன் பூச்சியைக் கவ்வும்போது ராடை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. எனக்கு இதுதான் வரவே இல்லை. காப்பிப் பழம் பறித்த கை. சிவந்த பழத்தைப் பார்த்ததும் விரல் தானாக முறுக்கி இழுக்கும். மீன் வாயைத் திறந்ததும் என் கை பறித்துவிடும், லீடர் அறும். ராடைத் தூக்கினால் போதும், பால் பொங்கும்போது பாத்திரத்தை இறக்குவதுபோல அவசரத்திலும் அலுங்காமல். அது வர எனக்கு ஒரு சீசன் ஆனது.

ஆனால் பறித்த கைக்குத் தெரிந்த ஒன்று அங்கே எனக்கு உதவியது. விருந்தாளிகள் ஊரிலிருந்து வாங்கி வந்த பளபளப்பான பூச்சிகளை மீன் முகர்ந்துகூடப் பார்க்காத நாட்கள் உண்டு. அப்போது அவர்கள் தண்ணீரைப் பார்ப்பார்கள். நான் மரத்தைப் பார்ப்பேன். காற்று அடித்தால் சில்வர் ஓக்கிலிருந்து சிவப்பெறும்பு உதிரும். பறிக்கும்போது ரவிக்கைக்குள் இறங்கிக் கடித்துக் கடித்து என்னை அழ வைத்த எறும்பு. அது தண்ணீரில் விழுந்தால் எப்படித் துடிக்கும், எவ்வளவு மூழ்கும் என்று எனக்குத் தெரியும். தையல் நூலும் நாட்டுச் சேவலின் கழுத்து இறகும் வைத்து அதே மாதிரி கட்டினேன். காற்று நின்ற பிறகு மரத்துக்கு நேர் கீழே அதை விழ வைத்தால் போதும். பெரிய டெக்னிக் வேண்டும் என்றாயே நித்யா, இதை எழுதிக்கொள். மீன் என்ன சாப்பிடுகிறது என்று தெரியாமல் எத்தனை தூரம் எறிந்தும் பயனில்லை.

இனி 'உடு' என்ற வார்த்தைக்கு வருகிறேன். நம் பேச்சில் விடு என்பது உடுதான். பெரிய மீன் மாட்டி ஓடும்போது லைனை இழுத்துப் பிடித்தால் அறுந்துவிடும், ஓடவிட வேண்டும். அதற்கு உடுங்க என்போம். பிடித்த மீனைத் தண்ணீருக்கு அனுப்பவும் உடுங்கதான். ஒரு பேச்சை இத்தோடு நிறுத்து என்பதற்கும் உடுங்கதான். ஒருமுறை சென்னைப் பெரியவர் ஒருவருக்கு நல்ல மீன் மாட்டியது. அது குளத்தின் மறுகரையைப் பார்த்து ஓட, நான் "உடுங்க, உடுங்க" என்றேன். அவர் இரண்டு கையையும் விரித்துவிட்டார். ராடு, ரீல், லைன் எல்லாம் சேர்ந்து குளத்துக்குள் போயின. அவர் என்னைப் பார்த்து, நீங்கதானே விடச் சொன்னீங்க என்றார். தேவராஜ் சார் நெடுநேரம் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோள் மட்டும் குலுங்கியது.

அதே வார்த்தையைப் பிடித்து அவர் என்னிடம் ஒருநாள் கோபப்படவும் செய்தார். மாசி மாத வெயிலில் ஒரு குடும்பம் பிடித்த மீனையெல்லாம் முத்தம் கொடுக்காத குறையாகத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போனது. எல்லாம் வாலை ஆட்டிக்கொண்டு நீந்திப் போயின. எனக்கும் மனம் நிறைந்திருந்தது. மறுநாள் தேவராஜ் சார் மதகைத் திறந்து குளத்தைப் பாதிக்கு இறக்கினார். அடியில் சேற்றுக்குமேல் அந்த மீன்கள் வெள்ளை வயிறு தெரியக் கிடந்தன.

"நீந்திப் போச்சுன்னா பொழைச்சுதுன்னு அர்த்தம் இல்லீங்க அக்கா," என்றார். "ட்ரவுட்டுக்கு குளுந்த தண்ணியிலதான் மூச்சு. சூடான தண்ணியில காத்து கம்மி. அதுல ஓட உட்டு, இழுத்து, வெளிய தூக்கி போட்டோ எடுத்து, அப்பறம் உட்டா, அது நம்ம கண்ணுக்கு மறைஞ்ச பொறவு சாகும். நம்ம பார்க்கலீன்னா அது புண்ணியமாயிருமுங்களா?"

அன்றிலிருந்து ராடு ரூம் கதவில் ஒரு அட்டை தொங்கியது. தண்ணீர் இருபது டிகிரியைத் தாண்டினால் தூண்டில் கிடையாது. தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி, இடுப்பளவு ஆழத்தில், நிழலில் இறக்க வேண்டும். மேல் தண்ணீரைப் பார்த்து ஏமாறக் கூடாது, வாய்க்கால் விழும் இடத்துக் குளிர்ந்த தண்ணீரைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. கயிற்றை இழுத்ததும் உடனே படிக்க வேண்டும், வெளிக்காற்றில் அது பொய் சொல்லத் தொடங்கிவிடும். காலை, மதியம், சாயங்காலம். ஒருவேளை தவறினாலும் அவர் என்னிடம் ஒன்றும் கேட்காமல் தானே கரைக்குப் போய் இறக்குவார். அது திட்டைவிட மோசம்.

சில வருடங்கள் கழித்து அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வேலையை விட்டுவிட்டு கரடியூருக்கே போய்விட்டார். போகும்போது ராடு ரூம் சாவியை என் கையில் கொடுத்தார். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. "தண்ணி பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். பார்த்தேன் என்றேன்.

அடுத்து வந்தவர் ரமணன் சார், எஸ்டேட் மேனேஜர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். காப்பி விலை சரிந்த வருடங்களில் லைன் வீட்டுக்காரர்கள் ஒருவரையும் வேலையை விட்டு நிறுத்தாமல் ஓட்டியவர். விருந்தாளி வந்தால்தான் அந்த ஓட்டம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த மாசியில் வெயில் வழக்கத்துக்கு முன்னமே வந்துவிட்டது. குளத்தில் மீன் நிறைய மிச்சம் இருந்தது. முதலாளி தனக்கு வேண்டிய பெரிய மனிதர்களைக் குடும்பத்தோடு அழைத்திருந்தார். அன்று காலையிலேயே தண்ணீர் இருபதைத் தாண்டியிருந்தது. நான் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ரமணன் சார் வேகமாக வந்தார். "என்னக்கா, ரூம் பூட்டி இருக்கு? கெஸ்ட் எல்லாம் டிபன் முடிச்சுட்டாங்க."

"தண்ணி தாண்டிருச்சுங்க சார். இன்னிக்கி முடியாது."

"எவ்ளோ தாண்டிருச்சு? ஒண்ணு, ரெண்டு இருக்குமா? அவங்க என்ன கொன்னா திங்கப் போறாங்க? புடிச்சுட்டு உட்டுருவாங்க."

"கொன்னு திங்கறதா இருந்தா தொறந்து உடறனுங்க. புடிச்சது பூரா சமையலுக்குப் போகோணும். திருப்பி உடற வேல இல்ல. அதுக்கு அவங்க சம்மதிச்சா இந்தாங்க சாவி."

அவர் போய்க் கேட்டார். நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். தொப்பி போட்ட ஒரு அம்மா பதறிப்போய்த் தலையை ஆட்டினார். உயிரைக் கொல்வதா, நாங்கள் பிடித்து விட்டுவிடுகிறவர்கள் அல்லவா என்று அவர் சொன்னது காற்றில் எனக்கே கேட்டது. அந்த அம்மாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அடியில் கிடந்த வெள்ளை வயிறுகளை அவர் பார்த்ததில்லை. நான் பார்த்திருந்தேன், அதுதான் வித்தியாசம்.

ரமணன் சார் திரும்பி வந்தபோது குரல் தணிந்திருந்தது. "அக்கா, சொன்னா கேளுங்க. முதலாளி முன்னாடி என்னைய நிறுத்தாதீங்க. இந்தக் குளம் நின்னுபோச்சுன்னா உங்களுக்கும் வேல இல்ல, எனக்கும் பேரு இல்ல. ஒரு நாள்தான. உடுங்க."

"உடமாட்டனுங்க."

அவர் முகம் சிவந்துவிட்டது. சாவி கேட்கவில்லை. ஆளை அனுப்பிப் பங்களாவில் முதலாளி சொந்தமாக வைத்திருந்த ராடுகளை எடுத்துவரச் சொன்னார். அந்த ராடுகளை நான் மறந்தே போயிருந்தேன். கையில் சாவியை வைத்துக்கொண்டு, பூட்டிய கதவுக்கு முன்னால் நான் நின்றது எனக்கே அசிங்கமாக இருந்தது. வேலையும் போகப் போகிறது, மீனும் சாகப் போகிறது. கண்ணீர்கூட வந்தது, துடைத்துக்கொண்டேன்.

விருந்தாளிகள் கரைக்கு வந்தார்கள். தூண்டில் போடுகிறவர்கள் எங்கே எறிவார்கள் என்று எனக்குத் தெரியும், நான்தானே அந்த இடத்தைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தவள். சூடான நாளில் குளத்து மீன் எல்லாம் ஊற்றுத் தண்ணீர் விழும் வாய்க்கால் வாயில் வந்து அடைந்துகொள்ளும். அங்கேதான் குளிர், அங்கேதான் மூச்சு. முதுகுகள் நெருக்கிக்கொண்டு, செவுள் அடித்துக்கொண்டு கிடக்கும். குருட்டு ஆள் எறிந்தாலும் அங்கே மாட்டும்.

செருப்பைக் கழற்றினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீரைக் கலக்காமல் ஒவ்வொரு அடியாகப் பாதத்தைத் தேய்த்து வைத்து இறங்கினேன். வாய்க்கால் வாயில் போய், கரையைப் பார்த்துத் திரும்பி நின்றேன். தண்ணீர் தொடை வரை இருந்தது. நான் வந்ததில் மீன்கள் விலகி ஓடின. நான் அசையவே இல்லை. குளத்தங்கரையில் நான் கற்ற வித்தையில் மிகக் கஷ்டமானது சும்மா நிற்பதுதான். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வேறு போக்கிடம் இல்லை அவற்றுக்கு. கால் இரண்டையும் சுற்றி நெருங்கிக்கொண்டன. ஒரு மீனின் செவுள் அடிப்பது என் முழங்காலில் பட்டது.

"அக்கா, வெளிய வாங்க," என்று ரமணன் சார் கரையிலிருந்து கத்தினார்.

நான் விருந்தாளிகளைப் பார்த்துச் சொன்னேன்: "மீனு பூரா இங்கதாங்க இருக்குது, என் கால்கிட்ட. எறியறவங்க எறிங்க. முள்ளு என் மேல பட்டாலும் பரவாயில்லீங்க, பல்லு நசுக்கினதுதான்."

யாரும் எறியவில்லை. ஒரு சின்னக் குழந்தை மட்டும், அந்த ஆயா ஏன் தண்ணீரில் நிற்கிறார் என்று கேட்டது. தொப்பி போட்ட அம்மா என்னையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு ராடைப் புல்லில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மேலே மிளகு பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஏணியிலிருந்தபடியே பார்த்தார்கள். முதலாளி வந்தார்.

"பழனியம்மா, வெளிய வாங்க."

"தண்ணி சூடு இறங்கட்டுங்க, வர்றன்."

"நான் சொல்றேன்."

"கேக்குதுங்க. தண்ணி இறங்கட்டுங்க."

அவர் விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு காப்பித் தோட்டம் காட்டப் போனார். சாயங்காலம் இருட்டத் தொடங்கும்வரை நின்றேன். வெளியே வந்தபோது கால் மரத்துப்போயிருந்தது. மிளகு பறிக்கிற பெண்களில் ஒருத்தி கை கொடுத்து ஏற்றினாள்.

மறுநாள் என்னை மிளகு காயப் போடும் களத்துக்கு மாற்றினார்கள். குளத்தில் இருந்த மீனில் நிறைய அந்த வெயிலிலேயே செத்தது, அதை மறைக்க மாட்டேன். ரமணன் சார் களத்துக்கு வந்து அதைச் சொல்லிக் காட்டினார். செத்தது வெயிலில் செத்தது, தூண்டிலில் சாகவில்லை என்றேன். முதலாளியிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் ராடு ரூமுக்குத் திரும்பலாம் என்று ரைட்டர் மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள். என் வீட்டுக்காரரும் கெஞ்சினார். "நம்ம ஊட்ட நினைச்சுப் பாரு. ஒரு வார்த்தைதான. வாய் நோகுமா?" நோகும் என்றேன். அவரும் சில நாள் என்னோடு பேசவில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு, இன்றைக்கும் உண்டு.

அடுத்த கார்த்திகையில் மீன் வந்தது. அடுத்ததற்கு அடுத்த கார்த்திகையிலும் வந்தது. நான் களத்திலேயே இருந்தேன். ஒருநாள் முதலாளியே நடந்து களத்துக்கு வந்தார். மிளகைக் கையில் அள்ளிப் பார்த்தார். வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "ரூம தொறக்க ஆள் இல்ல பழனியம்மா," என்றார்.

"சாவி எங்கிட்ட இருக்கோணுங்க. எப்ப பூட்டறேன்னு யாரும் கேக்கக் கூடாது."

"நீங்க மன்னிப்பு கேட்டதாவே நான் வச்சுக்கறேன்."

"வேண்டாமுங்க. கேக்கலீன்னே வச்சுக்குங்க."

அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே தெர்மாமீட்டரை இறக்கினேன். ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு மாசியிலும் என் இஷ்டத்துக்குப் பூட்டினேன், யாரும் வந்து கேட்கவில்லை.

இப்போது, நித்யா, உன் ரிசார்ட்டில் அந்த அட்டையை எடுத்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். குளத்தைச் சுற்றிச் சில மரங்களையும் வெட்டிவிட்டீர்களாம், போட்டோவுக்கு வெளிச்சம் வேண்டும் என்று. சித்திரை வெயிலில் ட்ரவுட்டைப் பிடித்து உடுவீர்களாம். தொடக்க விழாவுக்கு என்னைக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, முதல் தூண்டிலை நான் போட வேண்டுமாம். அழைப்பை நீயே மறுபடி வந்து கொடுத்தாய் கண்ணு, உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. மேலே இருப்பவர்களிடம் இதை அப்படியே காட்டு.

விழாவுக்கு வருகிறேன். பொன்னாடை வேண்டாம். தெர்மாமீட்டரை நானே கொண்டுவருகிறேன். தண்ணீர் இருபதுக்குக் கீழே இருந்தால் முதல் தூண்டில் மட்டுமல்ல, இருட்டும்வரை எறிந்து காட்டுகிறேன், துண்டு விழாமல். தாண்டியிருந்தால், உங்கள் விருந்தாளிகள் எல்லாரும் ராடோடு கரையில் நிற்கட்டும். வாய்க்கால் வாய் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் கால் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.